"அப்பாவுக்கு வயசாயிடுச்சுன்னுதான் நினைச்சோம்!" - நியூட்ரல் விழாத ஒரு பைக்கின் கதை

சிக்னலில் சிவப்பு எண்கள் 58, 57, 56 என்று இறங்கிக்கொண்டிருந்தன. தாத்தாவின் இடது கால் மட்டும் ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்தது. முன்பக்கம் ஒரு மிதி. பச்சை விளக்கு எரியவில்லை. பின்பக்கம் குதிகாலால் ஒரு மிதி. அப்போதும் எரியவில்லை. முதல் கியர், இரண்டாவது கியர், மறுபடியும் முதல் கியர். நடுவில் இருக்க வேண்டிய நியூட்ரல் மட்டும் எங்கோ போய் ஒளிந்துகொண்டது.

திருச்சி தலைமைத் தபால் நிலையம் அருகே இருக்கும் சிக்னல். காலை எட்டேகால் மணி. பின்னால் பேத்தி உட்கார்ந்திருந்தாள். நான்காம் வகுப்பு. சின்ன ஹெல்மெட், பெரிய ஸ்கூல் பேக். எல்.கே.ஜி-யிலிருந்தே அவளைப் பள்ளிக்கு அழைத்துப்போவது தாத்தாதான்.

நியூட்ரல் விழாவிட்டால் என்ன செய்வது? பச்சை விழும்வரை கிளட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான். தாத்தாவும் அதைத்தான் செய்தார். 40, 39, 38. இடது மணிக்கட்டில் வலி ஏறியது. விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. இன்னும் 20 நொடி.

அவ்வளவு நேரம் கை தாங்கவில்லை. லீவர் விரல்களிலிருந்து நழுவியது. முதல் கியரில் இருந்த வண்டி ஓரடி முன்னால் பாய்ந்து, எதிரே நின்ற ஷேர் ஆட்டோவின் பின்பக்கம் இடித்து, ஆஃப் ஆகி நின்றது. பேத்தியின் ஹெல்மெட் தாத்தாவின் முதுகில் 'டொக்' என்று மோதியது. யாருக்கும் அடியில்லை. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். தாத்தாவின் நரைத்த தலையைப் பார்த்து, சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, "பார்த்துப் போங்க பெரியவரே" என்றார்.

அவர் திட்டியிருந்தால்கூட தாத்தாவுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

சாவி ஃபிரிட்ஜ் மேல் போனது

குழந்தைகளிடம் ரகசியம் தங்காது. அன்று மாலை ஹோம்வொர்க் எழுதிக்கொண்டே பேத்தி சொல்லிவிட்டாள். "அம்மா, இன்னிக்கு தாத்தா கை நடுங்குச்சு. வண்டி ஆட்டோ மேல இடிச்சிடுச்சு."

உறையூரில் கீழ் வீட்டில் தாத்தாவும் பாட்டியும், மாடியில் மகள் குடும்பம். மகள் படியிறங்கி வந்தபோது தாத்தா செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படிப்பதுபோலத் தெரியவில்லை.

"என்னப்பா ஆச்சு?"

"நியூட்ரல் விழலம்மா. கை வலிச்சிடுச்சு."

"எத்தனை நாளா?"

அவர் பதில் சொல்லவில்லை. பாட்டிதான் சொன்னார். "ரெண்டு மாசமா ராத்திரி தைலம் தேச்சுக்கிட்டுத்தான் படுக்கிறார். புத்தூர் நாலு ரோடு சிக்னல் வேண்டாம்னு தென்னூர் பக்கம் சந்துக்குள்ள சுத்திக்கிட்டுப் போறார். கேட்டா, நிழலா இருக்குங்கிறார்."

மகளுக்கு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்ததுபோல இருந்தது. அப்பாவுக்கு 64 வயது. பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். சமீபத்தில் மார்க்கெட்டுக்குப் போவதைக் குறைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீரங்கம் போய் நண்பரைப் பார்த்துவிட்டு வருவதும் நின்றிருந்தது. கேட்டால் "வெயில்" என்பார். இப்போது கை நடுக்கம். வயதாகிவிட்டது. வேறென்ன?

மருமகன் தன்மையாகத்தான் சொன்னார். "மாமா, நாளையிலேர்ந்து பாப்பாவை ஸ்கூல் வேன்ல அனுப்பிடலாம். நீங்க ரெஸ்ட் எடுங்க. வண்டியும் 2011 மாடல். நல்ல விலைக்குக் கேட்டா கொடுத்துடலாம்."

தாத்தா வாதாடவில்லை. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். அந்தச் சாவிக்கு ஹாலில் ஓர் ஆணி உண்டு. 13 வருடமாக அங்கேதான் தொங்கும். அன்று அவர் அதில் மாட்டவில்லை.

அவர் கோபப்பட்டிருந்தால் மகள் சமாதானம் சொல்லியிருப்பாள். அவர் ஒத்துக்கொண்டதுதான் அவளை என்னவோ செய்தது. தனக்கு வயதாகிவிட்டது என்று மற்றவர்களுக்கு முன்பே அவர் முடிவு செய்துவிட்டிருந்தார்.

"எனக்கே விழலயே!"

வேன் வர ஆரம்பித்தது. காலை ஏழரைக்கே வந்துவிடும். பேத்தி தூக்கக் கலக்கத்தோடு ஏறுவாள். தாத்தா கேட்டுவரை வந்து கையசைப்பார். பிறகு நாள் முழுக்க செய்ய ஒன்றுமில்லை.

பத்து நாள் கழித்து, வண்டியைக் கேட்டு ஒருவர் வருவதாகச் சொன்னார். "ஒரு வாட்டர் வாஷ் பண்ணி வச்சா பார்க்க நல்லாருக்கும்" என்றார் மருமகன். அன்று அவருக்கு வெளியூர் வேலை. மகளே எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கல்லூரி நாள்களில் பொன்மலை ஜி கார்னர் மைதானத்தில், அப்பாவின் பழைய வண்டியில் கியர் போடக் கற்றவள் அவள். அப்போது அப்பா பின்னால் உட்கார்ந்து, "கிளட்சை முட்டையைப் பிடிக்கிற மாதிரி பிடி" என்று சொல்லிக்கொண்டே வருவார். இப்போது ஸ்கூட்டர் பழகிவிட்டாலும் கைக்கும் காலுக்கும் மறக்கவில்லை.

புத்தூர் நாலு ரோட்டில் சிவப்பு விழுந்தது. அவள் வண்டியை நிறுத்தி நியூட்ரலுக்கு முயன்றாள். விழவில்லை. மெதுவாக மிதித்தாள். முதல் கியர். இன்னும் மெதுவாக. இரண்டாவது கியர். ஹெல்மெட்டுக்குள் வியர்த்தது. அரை நிமிடத்தில் மணிக்கட்டு வலித்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் விரல்கள் நடுங்கின. கிளட்சை முழுதாகப் பிடித்திருந்தும் வண்டி அங்குலம் அங்குலமாக முன்னால் நகரப் பார்த்தது. பிரேக்கில் காலை வைத்துத்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

அவளுக்கு வயது 38. தினமும் மாடிக்குத் தண்ணீர்க் கேன் தூக்குபவள்.

பச்சை விழுந்து சிக்னலைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தினாள். இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு, சும்மா ஒருமுறை காலால் தொட்டாள். 'டிக்' என்று நியூட்ரல் விழுந்தது. சாவியைத் திருப்பியபோது பச்சை விளக்கு சமர்த்தாக எரிந்தது.

வாட்டர் வாஷுக்குப் போகவில்லை. வீட்டுக்குப் போன் செய்தாள். "அப்பா, ஒரு ஆட்டோ புடிச்சு தென்னூர் மெக்கானிக் கடைக்கு வாங்க. நீங்க இருந்தாத்தான் அவர் கேக்கறதுக்குப் பதில் சொல்ல முடியும்."

மெக்கானிக் கேட்ட மூன்று கேள்விகள்

அந்த மெக்கானிக்குக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஸ்பானரை எடுக்கவில்லை. முதலில் கேள்விதான் கேட்டார்.

"இன்ஜின் ஓடும்போது விழலயா, ஆஃப்ல இருக்கும்போதும் விழலயா?"

"ஆஃப் பண்ணா விழுது அண்ணே" என்றாள் மகள்.

"வண்டி உருண்டுக்கிட்டு இருக்கும்போது போட்டா விழுதா?"

"உருளும்போது பரவாயில்ல தம்பி. நின்னுட்டா சுத்தமா விழாது" என்றார் தாத்தா.

"எப்பலேர்ந்து சார் இப்படி?"

தாத்தா யோசித்தார். "பொங்கலுக்கு அப்புறம்தான். அதுக்கு முன்னாடி கிளட்ச் ரொம்ப டைட்டா இருக்குன்னு, வீட்டுப் பக்கத்துல ஒரு கடையில காட்டினேன். கைப்பிடிகிட்ட ஏதோ திருகி லூஸ் பண்ணி விட்டாங்க. அப்ப நல்லா இருந்த மாதிரிதான் இருந்துச்சு."

மெக்கானிக் சிரித்தார். "பாதி கண்டுபிடிச்சாச்சு சார். கியர் பாக்ஸ்ல கோளாறுன்னா இன்ஜின் ஆஃப்ல இருந்தாலும் தகராறு பண்ணும். ஓடும்போது மட்டும் விழலன்னா, கிளட்ச் முழுசா பிரியலன்னு அர்த்தம்."

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினார். ஸ்டார்ட் செய்து, கிளட்சை முழுதாகப் பிடித்து முதல் கியர் போட்டார். 'டங்' என்று சத்தத்தோடு விழுந்தது. பின்சக்கரம் வேகமாகச் சுற்றியது. பிரேக்கை லேசாக மிதித்தார். சக்கரம் நிற்க மறுத்தது. இன்ஜின் சத்தம் அமுங்கியது.

"நல்ல வண்டியிலயும் உள்ள இருக்கிற ஆயிலோட இழுவையில சக்கரம் கொஞ்சம் சுத்தும். ஆனா பிரேக்கைத் தொட்டாலே நின்னுடணும். இது இன்ஜினையே அமுக்குது பாருங்க. கிளட்சைப் புடிச்சிருந்தாலும் பாதி சக்தி சக்கரத்துக்குப் போய்க்கிட்டே இருக்கு."

மகளுக்குப் புரியவில்லை. மெக்கானிக் டீக்கடைப் பக்கம் கை காட்டினார்.

"வீட்ல எவர்சில்வர் தட்டைக் கழுவி ஈரத்தோட ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வச்சா ஒட்டிக்குதுல்ல? கிளட்ச்சும் அப்படித்தான்மா. உள்ள அஞ்சாறு பிளேட், நடுநடுவுல இரும்பு பிளேட், எல்லாம் ஆயில்ல ஊறிக்கிட்டு இருக்கும். ஸ்பிரிங் அதையெல்லாம் சேர்த்து அழுத்தி வச்சிருக்கும். அப்ப இன்ஜின் சுத்துறது சக்கரத்துக்குப் போகும். நாம லீவரைப் புடிச்சா கேபிள் இழுத்து, அந்த அழுத்தத்தை எடுத்துவிடும். பிளேட்டெல்லாம் பிரியும். கேபிள் லூஸா இருந்தா, நாம முழுசா புடிச்சாலும் உள்ள பாதிதான் இழுக்கும். தட்டு பிரியாது."

"அதுக்கும் நியூட்ரலுக்கும் என்ன சம்பந்தம்?"

"நியூட்ரல் முதல் கியருக்கும் ரெண்டாவது கியருக்கும் நடுவுல அரை மிதில இருக்கு. அதுல போய் நிக்கணும்னா கோத்துக்கிட்டு இருக்கிற கியரு சுமையில்லாம இருக்கணும். கிளட்ச் இழுத்துக்கிட்டே இருந்தா, கியரு இறுக்கமா கடிச்சுக்கிட்டு நிக்கும். மெதுவா மிதிச்சா அசையாது. பலமா மிதிச்சா நியூட்ரலைத் தாண்டி அடுத்த கியருக்குப் போயிடும். சார் எவ்வளவு நிதானமா மிதிச்சாலும் இதுல விழாது."

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் தாத்தா தன் இடது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

உண்மையான காரணம்

கிளட்ச் லீவரின் நுனியைப் பிடித்து மெல்ல இழுத்துக் காட்டினார் மெக்கானிக். லீவர் சும்மாவே வந்துகொண்டிருந்தது. கேபிள் இறுகத் தொடங்கும் முன்பே கைப்பிடிக்கு அருகில் போய்விட்டது. "இந்தச் சும்மா வர்ற தூரத்துக்குத்தான் 'பிளே'ன்னு பேரு. இந்த மாதிரி வண்டிகளுக்கு நுனியில 10-லேர்ந்து 20 மில்லிமீட்டர் இருந்தா போதும். இது 40-க்கு மேல இருக்கு."

பிறகு கேபிளின் கீழ்முனையை, இன்ஜினோடு சேரும் இடத்தில் பார்த்தார். இழைகளில் நான்கைந்து அறுந்து சிலிர்த்து நின்றன. மேல் உறைக்குள் துரு. வண்டி பல வருடம் மழையில் நனைந்திருக்கிறது. யாரும் கேபிளுக்கு ஒரு சொட்டு ஆயில் விட்டதில்லை.

இப்போது கதை முழுதாக விளங்கியது. கேபிள் துருப்பிடித்ததால் கிளட்ச் கனத்தது. கை வலிக்கிறது என்று தாத்தா சொன்னார். கடையில் கேபிளைப் பார்க்காமல் தளர்த்திவிட்டார்கள். லீவர் பிடிக்க லேசானதுபோல இருந்தது. ஆனால், கிளட்ச் முழுதாகப் பிரிவது நின்றுபோனது. அதனால் நியூட்ரல் விழவில்லை. நியூட்ரல் விழாததால் ஒவ்வொரு சிக்னலிலும் நிமிடக்கணக்கில் லீவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. அதனால் கைவலி இரண்டு மடங்கானது. கைக்கு உதவி செய்வதாக நினைத்துச் செய்த காரியம்தான் கையைக் கெடுத்தது.

ஆயிலையும் பார்த்தார். தார் மாதிரி கறுத்திருந்தது. "எப்ப மாத்தினீங்க?" தாத்தாவுக்கு நினைவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும். "வண்டி அதிகம் ஓடலியே, எதுக்கு மாத்தணும்னு விட்டுட்டேன்" என்றார்.

"பைக்ல இன்ஜினுக்கும் கியருக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில்தான் சார். அது கெட்டா மூணும் கெடும். ஓடலன்னாலும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாத்திடுங்க."

புது கேபிள் போட்டார். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, கேபிள் எங்கும் மடங்கவோ இழுபடவோ இல்லை என்று பார்த்தார். முதலில் இன்ஜின் பக்கம், பிறகு லீவர் பக்கம் அட்ஜஸ்டரைத் திருகி, லாக் நட்டை இறுக்கினார். கையேட்டில் சொன்ன தரத்தில் புது ஆயில் ஊற்றினார். "இதுக்கும் சரியாகலன்னாத்தான் கிளட்ச் கவரைக் கழட்டணும். பிளேட் வளைஞ்சிருக்கலாம், ஹவுசிங்ல பள்ளம் விழுந்திருக்கலாம். ஆனா எடுத்த உடனே இன்ஜினைத் திறக்கிறது எனக்குப் பிடிக்காது."

வேலை நடக்கும்போது அவர் தொழில் கற்ற நாள்களைப் பற்றிப் பேச்சு வந்தது. முதலில் புல்லட் கடையில்தான் இருந்தாராம். "பழைய புல்லட்ல கியர் வலது கால்ல, பிரேக் இடது கால்ல. நியூட்ரலுக்குன்னே தனியா ஒரு குட்டி லீவர் இருக்கும் சார். ரெண்டு, மூணு, நாலு எதுல இருந்தாலும் கிளட்சைப் புடிச்சு அதை ஒரு மிதி மிதிச்சா நேரா நியூட்ரல். முதல் கியர்ல இருந்து மட்டும் வராது."

தாத்தாவின் முகம் மலர்ந்தது. "நியூட்ரல் ஃபைண்டர்! என் சிநேகிதன்கிட்ட இருந்துச்சு. திருவொற்றியூர் ஃபேக்டரியில செஞ்சது." 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கிய காலத்திலிருந்து பல்லாண்டுகள் அந்த அமைப்போடு புல்லட்கள் ஓடின. ஓட்டுபவருக்கு நியூட்ரல் தேடுவது சிரமம்தான் என்பதை அந்தக் காலத்து இன்ஜினீயர்களே ஒப்புக்கொண்டு, அதற்கென்று ஒரு லீவர் வைத்திருந்தார்கள்.

கேபிள், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 900 ரூபாய் ஆனது.

மெக்கானிக் வண்டியை ஸ்டார்ட் செய்து தாத்தாவிடம் கொடுத்தார். அவர் தயங்கினார். மகள் எதுவும் சொல்லவில்லை. அவர் ஏறி உட்கார்ந்து கிளட்சைப் பிடித்தார். முதல் கியர். பிறகு குதிகாலைத் தூக்கி, பாதத்தின் முன்பகுதியால் மேலே அரை அசைவு. பச்சை விளக்கு எரிந்தது. மறுபடியும் கியர் போட்டு, மறுபடியும் நியூட்ரல். எரிந்தது. ஐந்து முறை செய்து பார்த்தார்.

"கேபிளுக்கு நான் பொறுப்பு சார்" என்றார் மெக்கானிக். "கைக்கு ஒரு டாக்டரைப் பாத்துடுங்க."

உங்கள் வண்டியிலும் நியூட்ரல் விழவில்லையா?

அந்த மெக்கானிக் செய்த வரிசையிலேயே நீங்களும் பார்க்கலாம். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்பானர்கூடத் தேவையில்லை.

1. இன்ஜினை ஆஃப் செய்து, வண்டியை லேசாக முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே நியூட்ரல் போடுங்கள். ஆஃபில் எளிதாக விழுந்து, ஓடும்போது விழவில்லை என்றால் முதல் சந்தேகம் கிளட்ச் மீது. இரண்டிலும் விழவில்லை என்றால் கியர் லீவரும் அதன் இணைப்புகளும் வளைந்திருக்கின்றனவா, தளர்ந்திருக்கின்றனவா என்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

2. கிளட்சை முழுதாகப் பிடித்திருந்தும் முதல் கியரில் வண்டி ஊர்ந்தால், கியர் போடும்போது பலமாகச் சத்தம் வந்தால், கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை.

3. லீவர் நுனியில் பிளே பாருங்கள். பல பைக்குகளுக்கு 10 முதல் 20 மில்லிமீட்டர். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே சரியான அளவு. பிளே அதிகமானால் நியூட்ரல் விழாது. பிளேவே இல்லாமல் இறுக்கிவிட்டால் வேறு தொல்லை. கிளட்ச் வழுக்கும். மேட்டில் ஏறும்போது இன்ஜின் கத்தும், வண்டி வேகம் எடுக்காது. பிளேட்டும் சீக்கிரம் தேயும்.

4. கேபிளின் இரண்டு முனைகளையும் பாருங்கள். ஓர் இழை அறுந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். நடுரோட்டில் அறுந்தால் அலைச்சல் அதிகம்.

5. ஆயிலின் அளவும் தரமும் சரியா என்று பாருங்கள். தேவைக்கு மேல் கெட்டியான ஆயில், குறிப்பாக வண்டி சூடாகும் முன், பிளேட்டுகளை ஒட்டவைக்கும். கார் ஆயிலை பைக்கில் ஊற்றாதீர்கள். கியர் பைக்குகளுக்கான ஆயில் டப்பாவில் 'ஜாசோ எம்.ஏ' என்ற குறி இருக்கும். 'எம்.பி' என்பது கியரில்லா ஸ்கூட்டர்களுக்கானது.

6. ஐட்லிங் அதிகமாக வைத்திருந்தாலும் நியூட்ரல் தகராறு செய்யும். நின்றுகொண்டிருக்கும்போது இன்ஜின் தேவையில்லாமல் உறுமினால் குறைக்கச் சொல்லுங்கள்.

7. இவ்வளவும் சரியாக இருந்தும் விழவில்லை என்றால் மட்டும் கிளட்சைத் திறந்து பார்க்க வேண்டும்.

ஓட்டும் முறையிலும் ஒன்று உண்டு. வண்டி முழுதாக நின்ற பிறகு நியூட்ரலைத் தேடாதீர்கள். சிவப்பு தெரிந்ததும் வேகம் குறைத்து, இரண்டாவது கியருக்கு வந்து, வண்டி மெல்ல உருண்டுகொண்டிருக்கும்போதே கீழே லேசாக ஒரு தொடு. பச்சை விளக்கு எரிந்ததும் கிளட்சை விட்டுவிட்டு பிரேக்கில் நிறுத்துங்கள். சிக்னல் முழுக்க லீவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது கைக்கும் நல்லதல்ல, கிளட்சுக்கும் நல்லதல்ல.

திங்கட்கிழமை காலை

அன்று மாலை வண்டியைப் பார்க்க வந்தவரிடம் "கொடுக்கலைங்க" என்று மகளே சொல்லி அனுப்பிவிட்டாள். பிறகு ஃபிரிட்ஜ் மேல் இருந்த சாவியை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள். "நாளையிலேர்ந்து நீங்களே பாப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போங்கப்பா. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

தாத்தா உடனே வாங்கிக்கொள்ளவில்லை.

"நீ சொன்னது தப்பில்லம்மா. கை நழுவினது நிஜம்தானே? பின்னாடி குழந்தை இருந்துச்சு. ஒரு வாரம் நான் தனியா ஓட்டிப் பார்க்கிறேன். டாக்டரையும் பார்த்துட்டு வர்றேன். அப்புறம் சொல்றேன்."

டாக்டர் இரண்டு கைகளையும் சோதித்தார். பிடிமானம் நன்றாகவே இருக்கிறது, இடது கட்டைவிரல் மூட்டில் தேய்மானத்தின் ஆரம்பம் இருக்கிறது, நீண்ட நேரம் எதையும் இறுக்கிப் பிடிக்க வேண்டாம் என்றார். கண்ணாடிக்குப் புது பவர் எழுதிக்கொடுத்தார் கண் மருத்துவர். ஆக, வயதும் கொஞ்சம் இருக்கத்தான் செய்தது. ஆனால், அன்று சிக்னலில் வண்டி பாய்ந்ததற்குக் காரணம் வயது மட்டுமல்ல.

தாத்தா தனக்குத் தானே சில விதிகள் போட்டுக்கொண்டார். இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை. மழையில் ஓட்டுவதில்லை. கை வலித்தால் ஓரமாக நிறுத்திவிடுவது. இரண்டு வருடத்துக்கு முன் ஓட்டுநர் உரிமத்தை மருத்துவச் சான்று கொடுத்துப் புதுப்பித்திருந்தார். இந்த வயதில் 5 ஆண்டுகளுக்குத்தான் புதுப்பித்துத் தருவார்கள். "அடுத்த தடவை 67 ஆகியிருக்கும். அப்ப நானே யோசிச்சு முடிவு பண்றேன். அதுவரைக்கும் நீங்க யாரும் எனக்காக முடிவு பண்ணாதீங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மருமகன், "சரிங்க மாமா" என்றார். கொஞ்சம் வெட்கத்தோடு, "என் வண்டியிலயும் கிளட்ச் டைட்டா இருக்கு. அந்தக் கடை எங்க இருக்கு?" என்று கேட்டார்.

ஒரு வாரம் தாத்தா தனியாக ஓட்டினார். புத்தூர் நாலு ரோடு வழியாகப் போனார். மார்க்கெட்டுக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கம் போய் நண்பரைப் பார்த்துவிட்டு, வரும்போது பாட்டிக்குக் கதம்பம் வாங்கி வந்தார். ராத்திரி தைலம் கேட்கவில்லை என்று பாட்டி மாடிக்கு வந்து சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமை வேன்காரருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொன்னார்கள். எட்டு மணிக்கு பேத்தி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஓடி வந்தாள். மகளும் அதே நேரத்தில் ஸ்கூட்டரில் அலுவலகம் கிளம்பினாள். வழக்கமாக அவள் கிளம்புவது ஒன்பது மணிக்கு. தாத்தா அதைக் கவனித்தார். எதுவும் கேட்கவில்லை.

தபால் நிலைய சிக்னலில் சிவப்பு. நான்கு வண்டி தள்ளிப் பின்னால் நின்றாள் மகள். முன்னால் அப்பாவின் வண்டி வேகம் குறைந்து, உருண்டு, நின்றது. அவரது இடது கை கைப்பிடியை விட்டு இறங்கித் தொடையில் ஓய்வாக அமர்ந்தது. பேத்தி அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து எதையோ சொன்னாள். தாத்தா தலையை அசைத்தார்.

சிக்னலில் 52 ஓடிக்கொண்டிருந்தது. பச்சை விழும்வரை அந்தக் கை தொடையிலேயே இருந்தது.